பழைய வரியை அழிக்காதவர்கள்

அன்று டோல்கேட் பகுதியில் இருந்த எங்கள் ஆபீசில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். இல்லாதவர்கள்கூட இருந்ததாகச் சொன்னார்கள். கம்பெனி முதலாளி அண்ணாச்சி இருந்தார். புரோகிராம் எழுதும் ஷீபா இருந்தாள். ஃபோன் மேசையில் நான். இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் மேனேஜர் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோனின் அந்தப் பக்கம், எண்ணூர் போகிற வழியில் இருந்த அவர்களுடைய கோல்ட் ஸ்டோரேஜிலிருந்து ஏழுமலை. மொத்தம் ஐந்து பேர். நடுவில் அண்ணாச்சியின் தம்பி ஃபோனில் வந்தார், அவருக்குப் பின் ஒரு அம்மாள் கொஞ்ச நேரம் பேசினார். அந்த அம்மாள் யார் என்று எங்கள் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

மேனுவல் எழுதும் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கம்பெனி விற்றது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. குளிர் அறைகளில் சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு சாஃப்ட்வேர். ஏறினால், சொல்லி வைத்த நம்பருக்கு அதுவே ஃபோன் போட்டு, "குளிர் அறை இரண்டு, கவனிக்கவும்" என்று பேசும். எந்த நம்பரைக் கூப்பிட வேண்டும், எத்தனை டிகிரிக்கு மேல் போனால் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் செட்டிங் ஃபைல் என்ற ஒன்றில் இருக்கும். வரிக்கு ஒரு விஷயம். இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் மதிப்பு. நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் மாற்றலாம். மேனுவலில் இதற்கு ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை எழுதியது அண்ணாச்சியேதான். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே பருப்பு மொத்த வியாபாரம் செய்த குடும்பம் அவருடையது. கீழே கடை, மேலே நாங்கள்.

நான் எட்டாவதோடு நின்றவள். காசிமேட்டில் இறால் உரித்தேன், பிறகு ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் லாக் புக் எழுதினேன், அங்கிருந்து இந்த ஃபோன் மேசைக்கு வந்தேன். எனக்குப் பயம் ஜாஸ்தி. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஆள். ஃபோன் அடித்தாலே கெட்ட செய்தி என்று நினைத்துத்தான் எடுப்பேன். அன்று காலை அடித்ததும் அப்படித்தான் எடுத்தேன்.

"அக்கா, ரூம் ரெண்டு போச்சுக்கா."

ஏழுமலையின் குரல். நெட்டுக்குப்பத்துக்காரர். அப்பாவும் அண்ணன்களும் படகில் போக, இவர் மட்டும் மெஷின் வேலைக்கு வந்தவர். எப்போது பேசினாலும் முதலில் ஒரு கிண்டல் இருக்கும். அன்று இல்லை.

"போச்சுன்னா? இன்னா ஆச்சு, நிதானமா சொல்லு."

"கதவத் தொறந்தா தண்ணி ஊத்திகினு கீதுக்கா. பொட்டி மொத்தமும் ஊறிப்போச்சு. கையி வச்சா உள்ள மெத்து மெத்துன்னு கீது."

விடியற்காலையிலேயே கரெண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் இரண்டாம் அறையின் கம்ப்ரஸர் மட்டும் மறுபடி கிளம்பவில்லை. ஏழுமலை பின்பக்கம் லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எது கெட்டாலும் ஃபோன் வரும் என்று மொபைலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏற்றியிருக்கிறார். ஃபோன் வரவே இல்லை. உறைந்த இறால் ஒரு தடவை இளகினால் கதை முடிந்தது. மறுபடி உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒரு அறை நிறைய இருந்தது.

என்னை இந்த மேசைக்குப் பழக்கியவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். "என்ன செஞ்சீங்கன்னு கேக்காதே. கேட்டா நியாயம் பேச ஆரம்பிப்பாங்க. என்ன தெரியுதுன்னு கேளு. தெரியறத மட்டும் படிக்கச் சொல்லு." அதைத்தான் செய்தேன்.

"தம்பி, கம்ப்யூட்டராண்ட போ. செட்டிங் ஃபைலத் தொற. அலாரம் ஃபோன்னு ஒரு வரி இருக்கும். அத அப்பிடியே படி."

"எந்த வரிக்கா? மேல கீறதா, கீய கீறதா?"



"ரெண்டா கீது?"

"ஆமாக்கா. மேல கீறது சேகர் அண்ணன் நம்பரு. அவுருதான் துபாய் பூட்டாரே. கீய கீறது என் நம்பரு. அவுரு போன அன்னிக்கே நான் எய்திட்டேன்."

"மேல இருந்தத ஏன் எடுக்கல?"

"இன்னாக்கா நீயே இப்டிக் கேக்கற? எய்தினத அழிச்சா சும்மா வுடுவாங்களா?"

இதைக் கேட்டு உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. நானே வருடக்கணக்கில் லாக் புக் எழுதியவள். மணிக்கு ஒரு தரம் அறையின் டிகிரியைப் பார்த்து எழுத வேண்டும். எழுதியதை அடித்தாலோ அழித்தாலோ, வெப்பம் ஏறியதை மறைக்கிறார்கள் என்று சோதனைக்கு வருகிறவர்கள் முழுச் சரக்கையும் நிறுத்திவிடுவார்கள். அதனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் குளிர் அறையிலும் பழைய வரியைத் தொட மாட்டார்கள். அதை அப்படியே விட்டு, கீழே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். கீழே இருப்பதுதான் செல்லும். இது சட்டமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கை அப்படித்தான் போகும். செட்டிங் ஃபைலைத் திறந்தபோதும் ஏழுமலையின் கை அப்படித்தான் போயிருக்கிறது.

ஷீபாவைக் கூப்பிட்டேன். எம்.கே.பி. நகர் பெண். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே வந்தாள், நான் சொன்னதைக் கேட்டதும் மூடிவிட்டாள். புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அலாரம் ஃபோன்னு முதல்ல எந்த வரியப் பாக்குதோ அத எடுத்துக்குது. அப்புறம் அதே பேர் மறுபடி வந்தா கண்டுக்காது."

"ரெண்டு கீதேன்னு ஏதாவது சொல்லுமா?"

"சொல்லாது. கம்முனு தாண்டிப் போயிடும்."

"மேனுவல்ல இது எழுதியிருக்கா?"

அந்த ஒற்றைப் பக்கத்தை எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இல்லக்கா."

ஆக, காலை முழுவதும் எங்கள் சாஃப்ட்வேர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. துபாய் போய்விட்ட ஒருவரின், அணைத்து வைக்கப்பட்ட நம்பரை.

அண்ணாச்சி கடையிலிருந்து மேலே வந்ததும் சொன்னோம். நின்றபடியே கேட்டார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"ஒரே பேர ரெண்டு மட்டம் எழுதச் சொல்லி மேனுவல்ல போட்டிருக்கோமா?"

"போடல அண்ணாச்சி."

"பொறவு என்ன?"

"எழுதக் கூடாதுன்னும் போடல."

"போடாததுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியுமா கஸ்தூரி? கம்ப்யூட்டரத் தண்ணிக்குள்ள முக்காதீங்கன்னுகூடத்தான் போடல."

 அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உலகத்தில் செய்யக் கூடாதது எல்லாவற்றையும் எந்த மேனுவலும் எழுதி முடிக்க முடியாது.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் வந்தார். மரியாதையான மனிதர். கத்தவில்லை. ஃபைலில் இரண்டு வரி இருந்ததை ஏழுமலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், எனக்கு வேண்டியது ஒரே ஒரு லெட்டர். உங்க சாஃப்ட்வேர் சரியா வேலை செஞ்சுது. ஆபரேட்டர் ஃபைல்ல தப்பா எழுதினதால அலாரம் அவருக்குப் போகல. இவ்வளவுதான். உண்மைதானே? நான் இங்க உக்காந்திருக்கேன், டைப் பண்ணிக் குடுங்க. சாயந்திரம் முதலாளிகிட்ட வைக்கணும்."

அந்த லெட்டர் எங்கே போகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஏழுமலையை அன்றே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நஷ்டத்தில் ஒரு பங்கை அவருக்கு வர வேண்டியதில் பிடிப்பார்கள். அதைவிட மோசம், ஒரு அறையை உருக்கிவிட்டவர் என்ற பெயர். இந்தப் பக்கம் கோல்ட் ஸ்டோரேஜ்காரர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். வேறு எந்த இடத்திலும் மெஷினைத் தொட விட மாட்டார்கள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்து, "டைப் பண்ணுங்க" என்றார்.

உள் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் வரியை அடித்தேன். மேனேஜர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் எழுதச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், முடியாது என்று சொல்லியிருப்பேன். உண்மையை மட்டும் எழுதி ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தலாம் என்பதை அந்த ஒரு வரியை அடித்தபோதுதான் பார்த்தேன். வெளியே மெட்ரோ ரயில் போனது. ஜன்னல் அதிர்ந்தது. 

அப்போது இன்னொரு பயம் வந்தது, முதல் பயத்தைவிடப் பெரியது. ஏழுமலைக்குக் கை அப்படிப் போயிற்றென்றால், மற்ற இடங்களில்? நம் சாஃப்ட்வேர் இருக்கிற ஒவ்வொரு குளிர் அறையிலும் ஆள் மாறியிருப்பார், நம்பர் மாறியிருக்கும். சில இடங்களில் குளிரூட்டும் அம்மோனியா என்ற விஷவாயு கசிந்தாலும் அதே நம்பருக்குத்தான் ஃபோன் போகும். அங்கே உருகப்போவது இறால் இல்லை, ஓட வேண்டியது மனிதர்கள்.

அண்ணாச்சியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். ஷீபாவும் வந்து நின்றாள்.

"எல்லா இடத்துக்கும் இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிடலாம் அண்ணாச்சி."

"இப்பச் சொன்னா, தப்பு நம்ம மேலன்னு நாமளே ஊரக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆயிரும். வெளிய உக்காந்திருக்காரே, அவரு காதுக்குப் போகாதா? இந்த லெட்டர் போகட்டும். அடுத்த மாசம் புது வெர்ஷன் குடுக்கும்போது மேனுவல்ல ஒரு வரி சேத்துக்கிடுவோம். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"அடுத்த மாசம் வரைக்கும் ஒருத்தர் ரூமும் கெடாம இருக்கணுமே."

"நீங்க எப்பவும் இப்படித்தான். வெயில்ல குடைய விரிச்சு வச்சிக்கிட்டு இடி விழுமான்னு பாப்பீங்க." கண்ணாடியைத் துடைத்தார். "கஸ்தூரி, நம்ம கிட்ட இருக்கதுலயே பெரிய கம்பெனி இது. அவங்க நஷ்டத்த நம்ம தலையில கட்டுனா, இந்த மாடியில லைட்டு எரியாது. உங்க சம்பளம், அந்தப் புள்ள சம்பளம் எல்லாம் யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

அதையும் நான் யோசித்துவிட்டேன். எனக்குத்தான் எல்லாவற்றையும் யோசிக்கிற வியாதி ஆயிற்றே. வாடகை, மருந்து, மகன் காலேஜ் ஃபீஸ் எல்லாம் ஒரு தரம் கண்முன் வந்து போயின. சண்டை போட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அதனால் கேட்டது மிகச் சின்னதாக இருக்கட்டும் என்று ஒன்று கேட்டேன்.

"உங்க தம்பி மிளகா வத்தல் வச்சிருக்கற குளிர் கிடங்குல நம்ம சாஃப்ட்வேர்தானே. அவரு வெளியாள் இல்லியே. அங்க மட்டும் ஒரு தரம் கேட்டுப் பாத்துடலாமா?"

அண்ணாச்சி தன் ஃபோனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். தம்பி செட்டிங் ஃபைலைத் திறந்து, தேடி, படிக்க ஆரம்பித்தார்.

"அலாரம் ஃபோன் ரெண்டு வரி இருக்குண்ணே. எத வாசிக்க?"

 அண்ணாச்சி மேல் வரியை வாசிக்கச் சொன்னார். முன்பு அங்கே இருந்த கணக்குப்பிள்ளையின் நம்பர். அவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம். அண்ணாச்சி அந்த நம்பரைப் போட்டார்.

எடுத்தது ஒரு அம்மாள். நம்பர் எப்போதோ கை மாறியிருக்கிறது.

"யாரு? மறுபடியும் மெஷினா?"

"இல்லம்மா. மனுசன்தான் பேசுதேன்."

"அப்பாடி. ஏன் சார், உங்களுக்கு ஏதாவது தெரியுமா? ஒரு பொம்பள கொரலு அப்பப்ப கூப்ட்டு, குளிர் அறை ஒன்று கவனிக்கவும் கவனிக்கவும்னு உயிர வாங்குது. எங்க வூட்ல ஃபிரிட்ஜே கெடையாது சார். நான் எதப் போய்க் கவனிக்கறது? பேஜாராப் போய் அந்த நம்பரயே பிளாக் பண்ணி வச்சிட்டேன்."

ஷீபா சிரித்துவிட்டாள். சிரித்த வாயை உடனே பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, மறுபடி தம்பியைக் கூப்பிட்டார்.

"லே, ரெண்டாவது வரி யாருலே எழுதுனது?"

"நீங்கதாண்ணே. போன பொங்கலுக்கு வந்திருந்தீகள்லா, அப்ப உக்காந்து போட்டுக் குடுத்தீக."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"ஆமா, நாந்தான் எழுதுனேன்," என்றார் ஷீபாவிடம். "மேல இருந்தத எடுக்கணும்னு தோணவே இல்ல பாத்தியா. கணக்குப் பேரேட்டுல அடிச்சுத் திருத்துனா எங்கப்பாரு கைய ஒடிச்சிருவாரு."

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுதியவரே, தான் எழுதாமல் விட்ட இடத்தைத் தன் கடைப் பழக்கத்தை வைத்து நிரப்பியிருக்கிறார். நீங்கள் எழுதும் மேனுவலில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், படிப்பவர் அங்கே நின்று யோசிப்பார் என்று நினைக்காதீர்கள். அவர் கை ஏற்கெனவே பழகிய வழியில் போய்விடும். சந்தேகமே வராது. சந்தேகம் வந்தால்தானே நமக்கு ஃபோன் போடுவார். அதனால் சரியாக எழுதினால் என்ன ஆகும் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். தவறாக எழுதினால் அந்த மெஷின் என்ன செய்யும், கத்துமா, வாயை மூடிக்கொண்டு போகுமா என்பதையும் எழுதுங்கள்.

அண்ணாச்சி எழுந்தார்.

"லெட்டர நிறுத்துங்க. எல்லா எடத்துக்கும் என்ன சொல்லணுமோ அத எழுதுங்க. நான் வெளிய போயி அவரப் பாக்கேன்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"தெரியல. நீங்க முடிக்கிற வரைக்கும் டீ வாங்கிக் குடுத்துக்கிட்டு இருப்பேன்."

நல்ல வாக்கியம் எழுத நேரம் ஆகும். ஆபத்து அதுவரை காத்திருக்காது. அதனால் ஷீபாவிடம் முதலில் ஒவ்வொரு இடமாக ஃபோன் போட்டு ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னேன்: அலாரத்தை நம்பாதீர்கள், நாங்கள் மறுபடி கூப்பிடும் வரை அறை வாசலில் ஒரு ஆளை நிறுத்தி டிகிரியைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். அவள் அந்த மூலையில் அதைச் சொல்லச் சொல்ல, இந்த மூலையில் நான் எழுதினேன். எழுதியதைச் சரிபார்க்க ஏழுமலையைவிட நல்ல ஆள் யார்? அவரை ஆபீஸ் லைனில் பிடித்தேன்.

"தம்பி, ஒரு வரி படிக்கறேன். கேட்டுட்டு, நீ இன்னா பண்ணுவேன்னு மட்டும் சொல்லு."

"என் பொயப்பே நாறிகினு கீது, நீ பாடம் நடத்துறியாக்கா?"

"நடத்தல. எனக்கே தெரியாமத்தான் கேக்கறேன். 'ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால் முதலாவது மட்டும் எடுத்துக்கொள்ளப்படும்.' இன்னா பண்ணுவ?"

"புச்ச மேல எய்திட்டு, பழச கீய தள்ளிடுவேன்."

சரிதான் என்று நினைத்தேன். ஷீபா அந்த மூலையிலிருந்தே கையை ஆட்டினாள், கையில் இருந்த ஃபோனைப் பொத்திக்கொண்டு.

"அக்கா, அப்படிப் போடாதீங்க. டிகிரி வரி தலைகீழா வேலை செய்யுது. அதுல கடைசி வரியத்தான் எடுக்குது. அத எழுதினது எனக்கு முன்னாடி இருந்தவர்."

ஒரே ஃபைல். ஒரு விஷயத்துக்கு மேல் வரி, இன்னொன்றுக்குக் கீழ் வரி. எது ஜெயிக்கும் என்று சொல்லிக்கொடுப்பதே ஆபத்து. அந்த வாக்கியத்தைத் தூக்கிப் போட்டேன். ஒரு பெயருக்கு ஒரே வரி என்பதைத் தவிர வேறு வழி இல்லை.

"தம்பி, இது கேளு. 'ஒரு பெயர் ஒரு முறை மட்டுமே இருக்க வேண்டும். பழைய வரியை நீக்கிவிடவும்.'"

"மாட்டேன்கா."

"இன்னா மாட்டேன்?"

"நீக்க மாட்டேன். பின்னாடி மூணு பேரு நின்னு என்னயே பாத்துகினு கீறாங்க. இன்னிக்கு நான் ஒரு எயுத்த அழிச்சேன்னு வை, தப்ப மறைச்சிட்டான்னு கத கட்டிருவாங்க. நீ வந்து சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. அது மட்டும் இல்லை. சொல்லியிருந்தாலும் வேறு எந்தக் குளிர் அறையிலும் யாரும் நீக்கியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருப்பார்கள். படிப்பவர் செய்யவே மாட்டார் என்று தெரிந்த ஒன்றை எழுதிவிட்டு, சொன்னேனே என்று பிறகு கேட்பதில் பயன் இல்லை.

"ஷீபா, வரி அங்கயே இருக்கணும், ஆனா மெஷின் அதப் படிக்கக் கூடாது. அப்பிடி ஏதாவது உண்டா?"

"இருக்குக்கா. வரிக்கு முன்னாடி ஹாஷ் போட்டா அத விட்டுடும். நாங்க எழுதறப்ப அப்படித்தான் பண்ணுவோம். மேனுவல்ல போடல. ஆபரேட்டருக்கு எதுக்குன்னு விட்டிருப்பாங்க."

ஃபோனில் ரீசார்ஜ் பண்ணும்போது கடைசியில் அமுக்குவோமே, அந்தக் கட்டம் கட்டமான குறி. ஏழுமலைக்கு அது தெரியும். முதலில் ஸ்கிரீனை மொபைலில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அது என் பயம். பிறகு மூன்றாவது வாக்கியத்தைப் படித்தேன்: 'பழைய வரியை அழிக்க வேண்டாம். அதன் தலையில் # போடவும்.'

கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம், "போட்டுட்டேன். ரெண்டுலயும்."

"ரெண்டுலயுமா? ஏன்?"

"சேகர் அண்ணன் நம்பரும் பழசு. நான் எய்தியே ஆறு மாசம் ஆவுது, அதுவும் பழசுதானே?"

ஷீபா நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்கு அடித்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த ஃபைலில் இப்போது நம்பரே இல்லை. நான் எழுதிக் கொடுத்ததால் வந்த வினை அது. அந்த வரியை அப்படியே எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

கடைசியில் அனுப்பியது இதுதான்: 'இனி எந்த நம்பருக்கு ஃபோன் வரக் கூடாதோ, அந்த வரியின் தலையில் # போடுங்கள். அழிக்க வேண்டாம். # போட்ட வரியை மெஷின் படிக்காது. முடித்ததும் # இல்லாத அலாரம் ஃபோன் வரி ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைலைச் சேமித்துவிட்டு, திரையில் இருக்கும் சோதனை பட்டனை அமுக்குங்கள். உங்கள் கையில் இருக்கும் ஃபோன் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் வேலை முடியவில்லை.'

ஏழுமலை கீழே தன் நம்பரைப் புதிதாக எழுதி, அதன்படி செய்தார். பட்டனை அமுக்கினார். ஆபீஸ் லைன் வழியாக அவருடைய மொபைல் அடிப்பது எனக்குக் கேட்டது. அதை எடுத்து ரிசீவர் பக்கத்தில் வைத்தார். 'குளிர் அறை இரண்டு, கவனிக்கவும்.'

"கவனிச்சாச்சு தாயே," என்றார் ஏழுமலை. "எல்லாம் முடிஞ்ச பிற்பாடு வந்துகினு கீறியே."  பின்னால் யாரோ "இன்னாடா அது சத்தம்" என்று கேட்டார்கள்.

அனுப்பிவிட்டு நானும் ஷீபாவும் ஒவ்வொரு இடமாகக் கூப்பிட்டோம். பாதிக்கு மேல் இடங்களில் இரண்டு வரி இருந்தது. ஒரு ஐஸ் ஃபாக்டரியில் நான்கு. அங்கே இருந்தவர் சொன்னார், "நம்பர் மாறும்போதெல்லாம் கரெக்டா கீய கீய எய்திகினுதான் வரோம் மேடம், ஒண்ணுகூட வுடல." அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

வாசலில் மேனேஜருக்கு நாலாவது டீ வந்திருந்தது. அண்ணாச்சி, நாங்கள் அனுப்பியதன் ஒரு பிரதியை அவர் கையில் கொடுத்தார். அவர் இரண்டு தரம் படித்தார்.

"சார், இத வெளிய அனுப்பினா, தப்பு உங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரி."

"ஆமா சார். அனுப்பியாச்சு."

"அப்ப எங்க ஆபரேட்டர் மேல ஒரு தப்பும் இல்லன்னு சொல்றீங்க."

"அவரு செஞ்சததான் நானும் செஞ்சிருக்கேன், எங்க சொந்தக் கிடங்குல. மேனுவல எழுதுனவன் நானு. அவர வெளிய அனுப்பணும்னா என்னையும் அனுப்பணும். நான் மொதலாளி, என்னய யாரு அனுப்புவா, எங்க போவேன்?"

மேனேஜர் சிரிக்கவில்லை. பிரதியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "முதலாளி என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் நின்றதும் அண்ணாச்சி என் மேசையைப் பிடித்துக்கொண்டார். அன்று பயந்தது நான் மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த சில வாரங்கள் மோசமாக இருந்தன. அந்தக் கம்பெனி வக்கீல் வைத்து எழுதியது. அண்ணாச்சி நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டார், தவணையில் கட்டினார். அந்த வருடம் எங்கள் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. ஷீபா அந்த இரண்டு விதமான புரோகிராமையும் ஒன்றாக்கினாள். இப்போது ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் சாஃப்ட்வேர் ஓட மறுத்து, எந்த வரி என்று சொல்லி நிற்கும். நீங்கள் பார்க்கும் மேனுவலில் அந்தப் பக்கம் மூன்று பக்கமாகியிருக்கிறது. அதில் என் வாக்கியம் இப்போது இல்லை. யாரோ இன்னும் நன்றாக மாற்றி எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோதுகூட, ஏழுமலைக்குப் படித்துக் காட்டினார்களா என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதுவதையும் யாருக்காவது படித்துக் காட்டி, "நீ என்ன செய்வாய்" என்று கேளுங்கள். "புரிந்ததா" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ஏழுமலை அதே கோல்ட் ஸ்டோரேஜில்தான் இருக்கிறார். அவரை யாரும் அனுப்பவில்லை. ஆனால் விசாரணை முடியும் வரை என்று சொல்லி அவருடைய அந்த மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தார்கள். விசாரணையை யாரும் நடத்தவும் இல்லை, முடிக்கவும் இல்லை. அந்த மேனேஜர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு விஷயம் தெரியாது. அண்ணாச்சி இரண்டு தரம் எழுதிக் கேட்டார். நான் ரிட்டயர் ஆகும் வரை, அந்த ஆபீசோடு வேறு எதற்காகப் பேசினாலும், கடைசியில் இதையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். என் மேசைக்கு இப்போது யார் வந்திருந்தாலும், அந்த ஆபீசில் இதைக் கேட்கச் சொல்லுங்கள். ஏழுமலைக்கு இன்னும் வர வேண்டியது பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.